கொண்டச்சிக் கடலின் கணக்கு: முத்துப்பார்ப் பரிசோதனை முதல் மேகத் தளம் வரை

இலங்கையின் வடமேல் கரையிலே, மன்னாருக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை என்னும் ஊர்களை அடுத்து அமைந்தது கொண்டச்சி. மழை குறைந்த மணற்பாங்கான நிலமும், முட்புதர்களும், ஆழங்குறைந்த குடாக்கடலும் அவ்வூரின் இயல்புகள். இன்று கொண்டச்சியின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. ஆயினும் 1803ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட றொபேட் பேர்சிவலும், 1807ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜேம்ஸ் கோர்டினரும் இக்குடாவையும் இங்கு நடைபெற்ற முத்துச் சலாபத்தையும் விரிவாக வருணித்துள்ளனர். முத்துக் குளிக்கும் பருவத்திலே கீழக்கரை, தூத்துக்குடி, பாரசீக வளைகுடா ஆகிய இடங்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து குழுமினர். வெறுங் கரை சில வாரங்களுக்கு நகரமாயிற்று. பருவம் முடிந்ததும் நகரம் மறைந்து மீண்டும் மணலே எஞ்சியது.

முத்தின் அழகைப் பாடியோரும் முத்து வாணிகத்தின் செல்வத்தை எழுதியோரும் பலர். அச்சலாபத்திற்கு அடிப்படையாயிருந்த கணக்கைப் பற்றி எழுதியோர் சிலரே. கடலின் அடியிலே, கண்ணுக்குப் புலப்படாத பாறைத் தளங்களில், எத்தனை சிப்பிகள் உள. அவற்றின் வயது யாது. அவை எப்போது எடுக்கத்தக்கன என்பனவற்றை அறிந்து, அவ்வறிவைத் தொலைவிலுள்ள கொழும்பிலே ஒரு பேரேட்டிற் பதிந்து, அப்பதிவைக் கொண்டு பல்லாயிரவர் தொழிலை நிருணயித்தனர். தொலைவிலுள்ள பொருளின் நிலையைச் சிறு கருவிகளால் அளந்து, இணையத்தின் வழியே மேகத் தளத்திற் சேர்த்து, அதனைக் கொண்டு முடிவு செய்யும் இக்காலத் தொழினுட்பத்தைப் ‘பொருட்களின் இணையம்’ என்பர். அது தீர்க்க முயலும் வினா கொண்டச்சிக் கடலிலே முன்னரே எழுந்ததொன்றாகும். அவ்வினாவுக்கு அக்காலத்தார் கண்ட விடையும், அவ்விடை தவறிய இடமும், இன்று சிறு கருவிகளை அமைக்க முற்படும் மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவன.

சலாபமும் பரிசோதனையும்

மன்னார்க் குடாவிலே முத்துக் குளித்தல் மிகப் பழைமையான தொழில். கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடற் பெரிப்புளூசு’ என்னும் கிரேக்க நூல் பாண்டி நாட்டுக் கொற்கையின் முத்துக் குளிப்பைக் குறிப்பிடுகின்றது. பாண்டியர், யாழ்ப்பாண அரசர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என ஆட்சி மாறியபோதும் தொழிலின் முறை பெரிதும் மாறவில்லை. கல்லைப் பற்றிக்கொண்டு குளியாளர் அடியில் இறங்குவர். ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்திற்குள் சிப்பிகளைப் பையிற் சேர்ப்பர். கயிற்றை அசைத்து அடையாளங் காட்டுவர். மேலே கயிறு பிடித்திருப்போர் அவரை இழுத்தெடுப்பர். கடலடிக்கும் மேலுலகிற்கும் இடையே செய்தி கொண்டுசென்ற முதற் கம்பி அக்கயிறே எனலாம்.

சிப்பிகள் வாழும் பாறைத் தளங்களுக்குப் ‘பார்’ என்று பெயர். பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் முதலியன அவற்றுட் சில. இவை கரையிலிருந்து பல மைல் தொலைவில், ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்திற் கிடப்பன. சிப்பி முதிர்ந்து எடுக்கத்தக்க நிலையை அடைய நான்கு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். முந்தி எடுப்பின் முத்துச் சிறுத்திருக்கும். பிந்தினால் சிப்பிகள் மூப்புற்று மடிந்துபோகும். ஆதலால் தக்க காலத்தை அறிதலே சலாபத்தின் உயிர்நாடி.

இதன் பொருட்டுப் பிரித்தானிய அரசாங்கம் முத்துப்பார்ப் பரிசோதகர் என்னும் உத்தியோகத்தை ஏற்படுத்தியது. அப்பதவியை நெடுங்காலம் வகித்தவர்களுள் ஒருவர் கப்டன் ஜேம்ஸ் டொனன். அவர் காலத்திலே, பரிசோதனைக் கப்பலை நடுவில் நங்கூரமிட்டு நிறுத்திவிட்டு, சிறு படகுகள் அதனைச் சுற்றி வட்டம் வட்டமாகச் செல்லும். படகுகளிலுள்ள குளியாளர் இடையிடையே மூழ்கி, கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கொண்டுவருவர். எத்தனை முறை மூழ்கினர், எத்தனை சிப்பி எடுத்தனர், அவற்றின் வயது என்ன என்பன பதியப்படும். அவ்வெண்ணிக்கையிலிருந்து பார் முழுவதிலும் உள்ள சிப்பிகளின் தொகை மதிப்பிடப்படும். சில ஆயிரஞ் சிப்பிகள் மாதிரியாக எடுக்கப்பட்டு, அழுகவைத்து, முத்துப் பிரித்து விலை மதிக்கப்படும். முடிவு திருப்திகரமாயின் அரசாங்க அறிவித்தல் வெளிவரும். இன்ன பாரிலே இத்தனை சிப்பிகள், இத்தனை படகுகளுக்கு அனுமதி, இன்ன நாளில் ஆரம்பம் என்ற அவ்வறிவித்தலை நம்பியே கடல் கடந்து மக்கள் வந்தனர்.

இம்முறையின் நுட்பம் வியக்கத்தக்கது. காணமுடியாத ஒன்றைச் சில இடங்களில் தொட்டறிந்து முழுமையை அனுமானிக்கும் முறை அது. ஆயின் இதில் ஒரு பெருங் குறை இருந்தது. பரிசோதனை பெரும்பாலும் மார்ச்சு மாதத்திலும் நவம்பர் மாதத்திலுமே நடைபெற்றது. தென்மேற்குப் பருவக் காற்று வீசுங் காலத்தில் அக்கடலிலே படகு நிறுத்தல் இயலாது. எனவே மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய எட்டு மாதங்கள் கணக்கேட்டிலே வெற்றிடமாயிருந்தன.

பெரிய பாரின் புதிர்

அவ்வெற்றிடம் எத்துணை விலை கொண்டதென்பதைச் சலாபத்தின் வரலாறே காட்டும். 1837ஆம் ஆண்டின் பின் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. 1864ஆம் ஆண்டுக்குப் பின்னரும் பல ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1891ஆம் ஆண்டு சலாபம் சிறந்தது; அதன்பின் 1903 வரை ஒன்றுமில்லை. பரிசோதகர் ஓராண்டிலே இளஞ் சிப்பிகள் நிறைந்திருக்கக் கண்ட பார், மறுமுறை சென்றபோது வெறும் மணலாயிருந்தது. மீன் தின்றதோ, மணல் மூடியதோ, நீரோட்டம் அடித்துச் சென்றதோ, நோய் கண்டதோ, எவரும் அறியார்.

இக்காரணத்தை ஆராயும்படி லிவர்பூலைச் சேர்ந்த விலங்கியற் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அழைக்கப்பட்டார். அவருடன் ஜேம்ஸ் ஹோர்ணெல் என்னும் ஆராய்ச்சியாளரும் வந்தார். இவர்களது ஆராய்ச்சி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக இலண்டன் அரச கழகத்தின் வாயிலாக வெளிவந்தது. அதிலே கூறப்பட்ட செய்திகளுள் பெரிய பாரைப் பற்றியது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது.

பெரிய பார் கரைக்கு மிகத் தொலைவிலே, ஆழ்கடலின் விளிம்பை அடுத்துக் கிடப்பது. 1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அப்பாரின்மீது இளஞ் சிப்பிகள் எண்ணற்கரிய அளவிற் பரந்திருக்கக் காணப்பட்டன. அவை நிலைத்திருப்பின் பல சலாபங்களுக்குப் போதியனவாயிருக்கும். அவ்வாண்டு நவம்பரிலே ஹோர்ணெல் மீண்டும் அங்குச் சென்றார். அப்போது அச்சிப்பிகள் முற்றாக மறைந்துவிட்டன. பருவக் காற்றின் அலைவேகமும் நீரோட்டமும் அவற்றை அழித்தன என்று ஹேர்ட்மன் கருதினார். பாரின் கிடையும் ஆழமும் அம்முடிபுக்கு இயைந்தன. ஆயினும் அஃது அனுமானமே. ஆனியிலும் ஆடியிலும் ஆவணியிலும் அப்பாரில் என்ன நிகழ்ந்ததென்பதைக் கண்டவர் எவருமில்லர்.

குளியாளரோ அப்பாரைத் ‘தாய்ப்பார்’ என்று அழைத்தனர். அங்குத் தோன்றும் இளஞ் சிப்பிகளே பின்னர்க் கரைப்பக்கத்துப் பார்களுக்குச் சென்று அவற்றை நிரப்புகின்றன என்பது அவர்தம் நம்பிக்கை. விஞ்ஞானியார் அந்நம்பிக்கையை ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலடியைத் தொட்டறிந்தோர் ஒருபுறமும் நுண்ணோக்கியுடன் வந்தோர் ஒருபுறமும் நின்று மாறுபட்டனர். இருசாராரிடத்தும் இடைப்பட்ட மாதங்களின் கணக்கு இல்லை. கணக்கில்லாத இடத்திலே நம்பிக்கையும் அனுமானமும் ஒரே தரத்தனவாய் நின்றுவிடுகின்றன.

குத்தகையும் வீழ்ச்சியும்

1903 முதல் சலாபம் மீண்டும் செழித்தது. மரிச்சுக்கட்டியிலே பெரும் பாசறை அமைந்தது. 1905ஆம் ஆண்டு மட்டும் ஏறக்குறைய எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்ச ரூபா வருமானம் கிடைத்தது. கரைக்கு வந்த சிப்பிகள் ‘கொட்டு’ என்னும் வேலியிட்ட களத்தில் மூன்று கூறாக்கப்படும். இரண்டு கூறு அரசாங்கத்துக்கு. ஒரு கூறு குளியாளர்க்கு. அரசாங்கப் பங்கு மாலையிலே ஏலத்தில் ஆயிரக்கணக்கில் விற்கப்படும்.

இச்செழிப்பைக் கண்டு 1906ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகளுக்குப் பார்கள் முழுவதும் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகையாக விடப்பட்டன. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபா. இலங்கை முத்துக்குளிப்போர் நிறுவனம் என்னும் பொருளுடைய பெயர் அதற்கு. ஹோர்ணெலும் அதன் சேவையிற் சேர்ந்தார். பின்னர் அவர் சென்னை மாகாண மீன்வளத் துறைக்குச் சென்று புகழ்பெற்றார். 1906, 1907 ஆகிய ஆண்டுகளிலே முத்துக் குளிப்பு நடைபெற்றது. அதன்பின் பார்கள் வெறுமையாயின. நிறுவனம் குத்தகைக் காலம் முடியுமுன்னரே கலைந்தது. 1925ஆம் ஆண்டிலே நடைபெற்ற சலாபத்தோடு இலங்கைக் கரையில் இத்தொழில் ஓய்ந்தது. எதிர்க்கரையிலே, தூத்துக்குடியில், 1955 முதல் 1961 வரை நடைபெற்றதே இறுதித் தொடர்.

தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பெருந்தொகையாக எடுத்தமை இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணமாயிருக்கலாம். இயற்கையின் மாறுபாடு மற்றொரு காரணமாயிருக்கலாம். இரண்டனுள் எது பெரிது என்பதை வரையறுத்தற்கு வேண்டிய இடையறாத அளவீடு இல்லை. செல்வத்தின் கணக்கு நாள்தோறும் எழுதப்பட்டது. கடலின் கணக்கு ஆண்டுக்கு இருமுறையே எழுதப்பட்டது. கொண்டச்சிக் கடலின் வரலாற்றுச் சோகம் இதிலே அடங்கும்.

தொலைவிலிருந்து அளத்தல்

தொலைவிலிருந்து செய்தி பெறும் வழி ஹேர்ட்மன் காலத்திலே இல்லாமலில்லை. 1858ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியது. அதனையடுத்து மன்னார் வழியாக இந்தியத் தந்திப் பாதையோடு இலங்கை இணைந்தது. ஆயின் தந்தியின் மறுமுனையிலே மனிதனொருவன் இருந்து கண்டதை எழுதி அனுப்பவேண்டும். மனிதன் நிற்க முடியாத இடத்திலிருந்து தந்தி வாராது.

கருவி தானே அளந்து தானே அறிவிக்கும் முறை இருபதாம் நூற்றாண்டிலே வளர்ந்தது. 1930ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் இரசிய அறிஞர் பாவெல் மொல்ச்சானொவ் பலூனிற் கட்டி அனுப்பிய வானொலிக் கருவி, மேல்வானத்தின் நிலையைத் தரைக்கு அறிவித்தது. 1980களின் தொடக்கத்திலே அமெரிக்காவின் கார்ணகி மெலன் பல்கலைக்கழக மாணவர், குளிர்பான இயந்திரமொன்றில் நுண்ணிய ஆளிகளைப் பொருத்தி, புட்டிகள் உளவா, குளிர்ந்தனவா என்பதைக் கணினி வலையின் வழியே அறிந்தனர். விளையாட்டாகத் தோன்றிய இச்செயலையே பொருட்களின் இணையத்துக்கு முன்னோடியாகக் கூறுவர். அப்பெயரை 1999இல் கெவின் அஷ்ரன் என்பவர் வழங்கினார்.

கடலிலே இக்கலையின் பேருருவம் ஆர்கோ மிதவைத் திட்டம். 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய இத்திட்டத்தின்படி உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைகள் உலவுகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறையப் பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீற்றர் ஆழத்திலிருந்து மேலெழுந்து, வழிநெடுக வெப்பத்தையும் உப்புத் தன்மையையும் அளந்து, செயற்கைக் கோளின் வாயிலாக அனுப்புகின்றது. அத்தரவு எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. இந்திய நாட்டின் பங்கை ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவற் சேவை மையம் ஆற்றுகின்றது.

எனினும் ஆழ்கடலுக்கென அமைந்த மிதவை பத்துப் பாகம் ஆழமுள்ள பாரின்மீது இயங்காது. செயற்கைக் கோளோ கடலின் மேற்பரப்பு வெப்பத்தையே அளக்கும். ஆக, மேற்பரப்பும் அறியப்பட்டது, ஆழ்கடலும் அறியப்பட்டது. மக்கள் வாழ்வு தங்கியிருக்கும் ஆழங்குறைந்த கரைக்கடலின் அடித்தளம் இவ்விரண்டுக்கும் இடையே விடப்பட்டது. அங்கே தேவைப்படுவது மலிவான சிறு கருவி. மன்னார்த் தீவின் தென்கரையிலே 2020ஆம் ஆண்டு இறுதியில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் முப்பது காற்றாடிகளும் காற்றின் வேகத்தையும் திசையையும் இடையறாது அளந்து அதற்கேற்பத் தம்மைத் திருப்பிக்கொள்கின்றன. காற்றுக்குக் கிடைத்த அக்கவனம் அக்கரையின் கடலடிக்கும் கிடைத்தல் வேண்டும்.

சிறு கருவியும் பைதன் மொழியும்

பெரிய பார் போன்றதொரு தளத்தில் அத்தகைய கருவியை நிறுத்துவதாயின் அதன் உறுப்புகள் நான்கு. முதலாவது உணரி; வெப்பம், கலங்கல், நீரோட்டம் என்பவற்றை மின்குறியாக மாற்றுவது. இரண்டாவது நுண்கட்டுப்படுத்தி, உள்ளங்கையிலும் சிறிய கணினி. மூன்றாவது செய்தி செல்லும் வழி. நான்காவது செய்தி சேரும் மேகத் தளம். தொலைவிலுள்ள சேவையகங்களில் இடமும் கணிப்புத் திறனும் வாடகைக்குப் பெறப்படும் களஞ்சியம்.

வழியைப் பற்றியே முதலில் எண்ணவேண்டும். வானொலி அலை கடல்நீரிலே செல்லாது. சிறிது ஆழத்திலேயே அடங்கிவிடும். ஆதலால் அடியிலுள்ள உணரியை வடம் ஒன்றினால் மேலே மிதக்கும் மிதவையோடு இணைத்து, மிதவையிலிருந்து கரைக்கு அனுப்பவேண்டும். குளியாளனின் கயிறு மீண்டும் இங்கே வேண்டப்படுகின்றது என்பது கருதத்தக்கது.

அனுப்பும் முறைகளிற் பரவலானது எம்.கியூ.ரி.ரி. என்பது. 1999ஆம் ஆண்டிலே அண்டி ஸ்ரான்போர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவர் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக் கோள் வழியாகக் கண்காணித்தற் பொருட்டு இதனை வகுத்தனர். செய்தியின் தலைப்புப் பகுதி இரண்டே பைற்றில் அடங்கவல்லது. கருவி தன் செய்தியைத் தரகர் எனப்படும் நடுச் சேவையகத்துக்கு ஒரு தலைப்பின்கீழ் அனுப்பும். அத்தலைப்பை வேண்டியோர் அனைவர்க்கும் தரகர் அதனை வழங்குவார். அனுப்புவோன் பெறுவோனை அறியவேண்டியதில்லை. கருவி திடீரென இணைப்பை இழந்தால், அது முன்னரே ஒப்படைத்து வைத்த ‘இறுதிச் செய்தி’யைத் தரகர் வெளியிடுவார். கருவியின் மௌனமும் இவ்வாறு ஒரு செய்தியாகின்றது. பெரிய பாரின் எட்டு மாத மௌனத்தை எண்ணுவோர் இவ்வேற்பாட்டின் அருமையை உணர்வர்.

இவற்றையெல்லாம் இயக்கும் கட்டளைகளைப் பைதன் மொழியில் எழுதலாம். நெதர்லாந்து நாட்டினரான குவிடோ வான் றொசம் 1991இல் வெளியிட்ட இம்மொழி, படித்தவுடன் பொருள் விளங்குமாறு அமைந்தது. இலங்கையிலே உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் இது இடம்பெற்றுள்ளது. 2013ஆம் ஆண்டிலே டேமியன் ஜோர்ஜ் என்பவர் இதன் சுருங்கிய வடிவமாகிய மைக்கிரோபைதனை நுண்கட்டுப்படுத்திகளுக்கென ஆக்கத் தொடங்கினார். அதனால் கடலிலுள்ள கருவிக்கும் களஞ்சியத்திலுள்ள சேவையகத்துக்கும் ஒரே மொழி போதியதாயிற்று. பைதன் வேகங்குறைந்தது என்பர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் கருவிக்கு அக்குறை ஒரு பொருட்டன்று.

கருவியிலுள்ள நிரல் செய்வது இவ்வளவே: உறக்கத்திலிருந்து விழித்தல், உணரியை வாசித்தல், நேரத்தையும் தொடரிலக்கத்தையும் சேர்த்தல், தன் நினைவகத்தில் முதலிற் பதிதல், பின்னர் அனுப்புதல், மின்கலத்தைச் சேமிக்க மீண்டும் உறங்குதல். சேவையகத்து நிரல் செய்தியைப் பெற்று, எண் இயலத்தக்க எல்லையில் உள்ளதா எனச் சோதித்து, தரவுத்தளத்திற் பதியும். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக நாளொன்றுக்கு 144 அளவீடுகள், ஆண்டுக்கு 52,560. ஒவ்வொன்றும் 40 பைற்று எனினும் ஆண்டு முழுவதற்கும் சுமார் 21 இலட்சம் பைற்றே. கைத்தொலைபேசியால் எடுத்த ஒரு நிழற்படத்தின் அளவு. 1902இன் மார்ச்சு முதல் நவம்பர் வரை இத்தகைய கருவியொன்று பெரிய பாரில் இருந்திருப்பின், வெற்றிடமாயிருந்த அக்காலத்துக்கு ஏறக்குறைய 35,000 பதிவுகள் கிடைத்திருக்கும்.

எண்ணின் நம்பகம்

ஆயினும் எண்கள் மிகுந்தமையால் அறிவு மிகுந்ததென்று கொள்ளல் தவறு. டொனன் காலத்துப் பரிசோதனைக்கு எழுந்த ஐயங்கள் எல்லாம் இக்கருவிக்கும் எழுவன.

முதல் ஐயம் அளவின் செம்மை. மாணவர் பெரிதும் பயன்படுத்தும் டி.எஸ். 18பி20 என்னும் வெப்ப உணரியின் பிழை அரைப் பாகை வரை இருக்கலாம். ஓரிடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை மிகுந்த வெப்பம் பல வாரம் நீடித்தாலே பவளம் வெளிறத் தொடங்கும். மன்னார்க் குடாவின் இந்தியக் கரையிலே 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு வெளிறியது. ஒரு பாகையைத் தேடும் கருவி அரைப் பாகை தவறுமாயின் அதன் செய்தி அச்சுறுத்தவும் கூடும், ஏமாற்றவும் கூடும். ஆகவே உருகும் பனிக்கட்டி நீரில் இட்டுப் பூச்சியப் பாகையை ஒப்புநோக்கித் திருத்திய பின்னரே கடலில் இறக்கல் வேண்டும். வெப்பக் கடலிலே கொட்டலசும் பாசியும் சில வாரங்களில் உணரியை மூடிவிடும். கருவி அப்போதும் எண்ணை அனுப்பிக்கொண்டேயிருக்கும். அஃது கடலின் எண்ணாகாது. படகிற் சென்று அதனைத் துடைத்துவரும் மீனவன் கை இம்முறையிலும் இன்றியமையாதது.

இரண்டாவது ஐயம் எண்ணிக்கையின் செம்மை. எம்.கியூ.ரி.ரி. முறையில் செய்தி ஒப்படைப்புக்கு மூன்று தரங்கள் உண்டு: அனுப்பிவிட்டு மறத்தல், ஒருமுறையேனும் சேர்த்தல், ஒரேயொரு முறை சேர்த்தல். இரண்டாவது தரத்தில் ஒரே செய்தி இருமுறை சேர்தல் கூடும். கொட்டிலே ஒரு கூடையை இருமுறை எண்ணிய கணக்கப்பிள்ளையின் நிலை அது. தொடரிலக்கமும் நேரமும் ஒவ்வொரு செய்தியிலும் இருத்தல் இதனாலேயே வேண்டப்படுகின்றது.

மூன்றாவது காவல். பாரிலிருந்து கரைக்கு வரும் வழியிலே சிப்பியை இரகசியமாகத் திறந்து முத்தைக் கவர்தல் சலாபத்திலே ஓயாத தொல்லை. அதனைத் தடுக்க அரசாங்கம் படகுகளிற் காவலரை நியமித்தது. கருவியின் செய்திக்கும் வழியிலே திருட்டு உண்டு. மறைகுறியாக்கமும் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சான்றிதழும் அதற்குக் காவல். 2016ஆம் ஆண்டிலே, ஆலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கமராக்கள் முதலிய சிறு கருவிகளை ‘மிராய்’ என்னும் தீநிரல் பெருந்தொகையாகக் கைப்பற்றியது; அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அக்கருவிகளைக் கொண்டே பல பெரிய இணையத் தளங்கள் முடக்கப்பட்டன. சிறு கருவிதானே எனக் காவலின்றி விடுதல் பெருங் கேட்டிற்கு வழி.

பேரேடு யாருடையது

யாவற்றினும் முதன்மையான வினா ஒன்று எஞ்சியுள்ளது. கணக்கு எங்கே வைக்கப்படும்? அதனை ஆள்வோர் யார்?

மேகத் தளம் என்பது பிறருடைய களஞ்சியம். அமேசன் நிறுவனம் 2006ஆம் ஆண்டிலே தன் சேமிப்புச் சேவையை வாடகைக்கு விடத் தொடங்கியது. 2015இல் சிறு கருவிகளுக்கெனத் தனிச் சேவை அமைத்தது. கூகிள் நிறுவனமும் அத்தகைய சேவையொன்றை நடத்தியது. ஆயின் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் அறிவித்துவிட்டு, 2023ஆம் ஆண்டு ஆகத்து 16ஆம் நாள் அதனை மூடிற்று. அதனை நம்பியிருந்தோர் தம் கருவிகளை வேறிடத்துக்கு மாற்றவேண்டியதாயிற்று. நடுக்கடலிலுள்ள கருவிக்குப் புதிய முகவரி கற்பித்தல் எளிதன்று.

1906ஆம் ஆண்டுக் குத்தகையை இவ்விடத்து நினைத்தல் பொருந்தும். பார்களும் அவற்றைப் பற்றிய அறிவும் ஒரு நிறுவனத்தின் இலாபத்தோடு கட்டப்பட்டன. இலாபம் நின்றது, நிறுவனம் சென்றது, அறிவைத் தொடர்ந்து சேர்க்கும் கடமையும் தளர்ந்தது. இதன் பயனாகப் பெறப்படுவது மேகத் தளத்தை வெறுத்தல் வேண்டும் என்பதன்று. அதன் வசதி பெரிது. சிறு கல்லூரியொன்று தானே சேவையகம் வைத்துக் காத்தல் அரிது. பெறப்படுவது பின்வரும் மூன்று விதிகளே. கருவி பொது முறையிலே பேசுதல் வேண்டும். அப்போதே தரகரை மாற்றல் இயலும். மொஸ்கிற்றோ போன்ற திறந்த நிரலைக் கொண்டு எவரும் தம் கணினியிலேயே தரகரை அமைக்கலாம். தரவின் படி ஒன்று எந்நேரமும் கரையிலுள்ளோர் கையில் இருத்தல் வேண்டும். அத்தரவு, சலாப அறிவித்தலைப் போல, கடலை நம்பி வாழ்வோர்க்கு அவர்தம் மொழியிலே வெளியிடப்படல் வேண்டும்.

கொட்டிலே குளியாளர்க்கு மூன்றிலொரு கூறு கிடைத்தது. கணக்கிலே அவர்க்குக் கூறு இருக்கவில்லை. தாய்ப்பாரைப் பற்றி அவர் கூறியது நம்பிக்கையாகவே ஒதுக்கப்பட்டது. அதனைச் சோதித்தறியும் வாய்ப்பு அவர்க்கு அளிக்கப்படவில்லை. இன்று சில ஆயிரம் ரூபாச் செலவில் ஆக்கத்தக்க கருவியும், உயர்தர மாணவன் எழுதத்தக்க நிரலும் அவ்வாய்ப்பை அளிக்கின்றன. மீனவர் தம் அனுபவத்தால் எங்கே அளக்கவேண்டும் என்று காட்டவும், மாணவர் தம் கல்வியால் எவ்வாறு அளக்கவேண்டும் என்று அமைக்கவும், இருவரும் ஒரே எண்ணை ஒருங்கிருந்து நோக்கவும் இயலும். முத்து மீளுமோ மீளாதோ. கொண்டச்சிக் கடலின் கணக்கேட்டிலே வெற்றிடமாய்க் கிடக்கும் மாதங்களை நிரப்புதல் இத்தலைமுறையின் ஆற்றலுக்கு உட்பட்டதே. அதனை நிரப்புவோர் அக்கரையின் பிள்ளைகளாயிருத்தல் சாலச் சிறந்தது.